பதினோரு அம்பு ஒட்டிய சட்டை

தியான வகுப்பில் டீச்சர், நமக்கு ஆகாத ஒருவரை மனதில் நிறுத்தி, "இவர் நலமாக இருக்கட்டும்" என்று சொல்லச் சொன்னபோது நான் யோசிக்கவே இல்லை. அம்பு சார்தான் வந்து நின்றார். முழுக்கை வெள்ளைச் சட்டை, காதில் பென்சில், இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி மாட்டிய ஸ்டிக்கர் சுருள். "நலமாக இருக்கட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். பக்கத்து நாற்காலி அம்மாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

இந்த வகுப்புக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. முப்பது வருடம் தையல் இயந்திரத்தின் முன்னால் குனிந்த கழுத்து, ஒருநாள் காலையில் நிமிர மாட்டேன் என்று அடம்பிடித்தது. கழுத்துக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண் இரண்டு வாரம் என் தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுல பாதி வலி கோபம்மா. செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கு நூலகத்து மாடிக்கு வாங்க" என்றாள். அங்கேயும் அவள்தான் டீச்சர். பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுற்றும்போதெல்லாம் முனகும் ஒரு மின்விசிறி, "அமைதி காக்கவும்" என்று ஒரு பலகை. அன்புத் தியானம் என்று பெயர். முதலில் நமக்கு நாமே நல்லது நினைக்க வேண்டும். அப்புறம் நமக்கு வேண்டிய ஒருவருக்கு. அப்புறம் நல்லதும் செய்யாத, கெட்டதும் செய்யாத யாரோ ஒருவருக்கு. கடைசியில் நமக்கு ஆகாதவருக்கு. முதல் மூன்றையும் நான் கடகடவென்று முடித்துவிடுவேன். எனக்கு நல்லது நினைக்க எனக்கென்ன கஷ்டம்? நாலாவதுதான் தொண்டையில் சிக்கியது.

நாங்கள் வேலை பார்த்தது ஆண்கள் சட்டை தைக்கும் தொழிற்சாலை. நான் ஏழாம் லைனில் காலர் வைப்பவள். அவர் கடைசிச் செக்கிங் மேஜை. சட்டையில் குறை இருக்கும் இடத்தில் செக்கர்கள் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அம்பின் முனை எதைக் காட்டுகிறதோ அதைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும், ஆல்டர் என்போம். மற்ற செக்கர்கள் திட்டிக்கொண்டே ஒட்டுவார்கள், நாங்களும் திட்டிக்கொண்டே பிரிப்போம், அன்றோடு முடிந்தது. இவர் வாயே திறக்க மாட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். காலர், தோள், பட்டன் பட்டி, கை, கீழ் மடிப்பு என்று ஒரு சுற்று. ஒன்றரை நிமிடம். மணிக்கட்டிலிருந்து ஒரு அம்பைப் பிய்த்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து. அவ்வளவுதான். முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட என்னை ஒரு மனுஷியாக மதித்த மாதிரி இருந்திருக்கும். பதினெட்டு வருடத்தில் அவர் என்னோடு பேசியது பத்து வார்த்தை தேறாது. அம்பு மட்டும் ஆயிரக்கணக்கில் வந்தது. அவருக்கு அந்தப் பெயர் வைத்தது யார் என்று தெரியாது, ஆனால் நான் இல்லை. நான் வைத்திருந்த பெயரை எழுத முடியாது.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை நான் கண்ணை மூடி அவரை வரவழைப்பதற்கு முன்னாலேயே அவர் நேரில் படியேறி வந்துவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. முடி முழுக்க வெளுத்திருந்தது. கையில் ஒரு துணிப்பை. என் வரிசையிலேயே கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் இருந்த நாற்காலியின் உடைந்த விளிம்பை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தார். திருந்தாத ஜென்மம் என்று நினைத்தேன். அன்றைக்கு நாலாவது கட்டம் வந்தபோது நான் தியானம் செய்யவில்லை. ஒரு கண்ணைப் பாதி திறந்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்து இறங்கும்போது படியில் என்னைப் பார்த்து நின்றார். முகத்தைப் பார்த்தார், அப்புறம் என் கையை.

"நீங்க ஏழாம் லைன். காலர். இடது முனை கொஞ்சம் உருண்டு வரும்."

"என் பேரு ஞாபகம் இருக்கா சார்?"

யோசித்தார். உண்மையாகவே முயன்றார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "இல்லம்மா. காலர்தான்" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரோடு மனதுக்குள் சண்டை போட்டேன். ஆனால் அடுத்த வாரம் ஒன்றைக் கவனித்தேன். மற்ற கட்டங்களில் அவருடைய உதடு அசையும். "நான் நலமாக இருக்கட்டும், என்மேல் எனக்கு இரக்கம் இருக்கட்டும்" என்று நமக்கு நாமே சொல்லும் முதல் கட்டத்தில் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நெஞ்சில் கையை வைக்கச் சொன்னால் கை பாதி வழியில் நின்று, மடியிலேயே திரும்ப விழுந்துவிடும். மூன்று வாரம் இப்படிப் போனது. டீச்சர் வகுப்பு முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"சார், உங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேங்கிறீங்களே, ஏன்?"

"குறை இருக்கிற பீஸை பாஸ் பண்ணச் சொல்றீங்களாம்மா?" என்றார். கிண்டல் இல்லை. கேள்வியாகத்தான் கேட்டார்.

டீச்சருக்கு எங்கள் தொழில் தெரியாது. ஆனால் கெட்டிக்காரி. "பாஸ் பண்ணச் சொல்லலை சார். கிழிச்சுப் போடாதீங்கன்னுதான் சொல்றேன்" என்றாள்.

அவர் தலை குனிந்துகொண்டார். எங்கள் தொழிற்சாலையில் அதற்கும் ஒரு முறை உண்டு. எந்த வகையிலும் தேறாத சட்டைக்கு அம்பு கிடையாது. கத்தரிக்கோலால் முதுகில் குறுக்கே ஒரு வெட்டு, அப்புறம் மூட்டையில் போய்விடும். அவர் மேஜையிலிருந்து வெட்டுப்பட்டுப் போன சட்டைகள் ரொம்பக் குறைவு. மற்றவர்கள் வெட்டித் தள்ளுவதைக்கூட அவர் எடுத்துப் பார்த்து அம்பு ஒட்டி ஆல்டருக்கு அனுப்புவார். அப்போதெல்லாம் எங்களுக்கு வேலை கூடுகிறதே என்றுதான் கரித்துக் கொட்டுவோம்.

அன்றைக்குப் பேருந்து நிறுத்தத்தில் இருவருக்கும் ஒரே வண்டி. வண்டி வரவில்லை. அவராகவே பேச ஆரம்பித்தார், அணை உடைந்த மாதிரி.

மனைவி இறந்து மூன்று வருடம். ஒரே மகள். இதே நகரத்தில் ஆறு நிறுத்தம் தள்ளி இருக்கிறாள், பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு வயதுக் குழந்தையோடு வருவாள். அரை மணி நேரம். மாத்திரை இருக்கிறதா, கேஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவாள். போன தடவை வந்தபோது பேத்தி தான் படம் வரைந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு இவரிடம் ஓடிவரப் பார்த்திருக்கிறாள். மகள் சமையலறையில் அவளைப் பிடித்து நிறுத்திச் சொன்னது இவர் காதில் விழுந்துவிட்டது.

"'தாத்தாகிட்ட காட்டாதே'ன்னு சொன்னாம்மா. கோபமா சொல்லலை. அடுப்புப் பக்கம் போகாதேன்னு சொல்ற மாதிரி சொன்னா."

அதனால்தான் வகுப்புக்கு வந்தாராம். நூலக வாசல் அறிவிப்பில் "அன்பு செலுத்தப் பழகலாம்" என்று போட்டிருந்ததாம்.

"அப்படி என்ன சார் பண்ணினீங்க?" என்று கேட்டேன். அக்கறையில் கேட்டேன் என்று சொன்னால் பொய். அம்பு சாருடைய குறையை அவர் வாயாலேயே கேட்க எனக்குக் கொள்ளை ஆசை.

அப்போது மகளுக்குப் பதினாறு வயது. அவருக்குத் தலைமைச் செக்கராக உயர்வு வந்த வாரம். அம்மாவுடைய தையல் இயந்திரத்தில் மூன்று வாரம் ஒளித்து ஒளித்துத் தைத்து, மாலையில் அவர் வந்ததும் ஒரு சட்டையை நீட்டியிருக்கிறாள். அவளுடைய முதல் சட்டை. முழுக்கை, காலர், இரண்டு பை. தாளில்கூடச் சுற்றியிருந்தாள். இவர் அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். விளக்கை இழுத்துக் கீழே இறக்கினார். ஸ்டிக்கர் சுருள் பையில் இருந்தது.

"இருபது நிமிஷம் பார்த்தேன்மா. எந்தச் சட்டையையும் நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்ல. பெரிய கம்பெனிக்காரன் பீஸுக்குக்கூட ஒன்றரை நிமிஷம்தான். பதினோரு அம்பு ஒட்டினேன். ஒண்ணுகூட வெட்டுப் போடுற குறை இல்ல. அத்தனையும் தேறும். பதினாறு வயசுல அப்படித் தைக்க முடியாது. எனக்கு அவ்வளவு பெருமை."

"அதைச் சொன்னீங்களா?"

"அம்பு ஒட்டினா தேறும்னுதானே அர்த்தம்?"

"அது எங்களுக்குத் தெரியும் சார். அவளுக்கு எப்படித் தெரியும்?"

அவர் விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். காலர் இடது முனை. வலது தோளில் சுருக்கம். மூணாவது பட்டன் துளையில் பிசிறு. இடது கை நுனிக் கஃப்பில் தையல் விட்டது. பையின் ஒரு மூலை ஏறியிருந்தது. பதினொன்றையும் வரிசையாகச் சொன்னார், இருபத்தோரு வருடம் கழித்து. நேற்றுப் பார்த்த மாதிரி.

"திருத்திக் கொண்டு வருவான்னு பார்த்தேன். ஆல்டர் பண்ணின பீஸ் அதே செக்கர் மேஜைக்குத்தானே திரும்பி வரும். வரல. அப்புறம் அவ மெஷின் பக்கமே போகல. மூடி போட்டுட்டா. நானும் கேக்கல."

அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. பதினெட்டு வருடம் என் பெயர் தெரியாமல் காலரை மட்டும் பார்த்த மனுஷன் ஆயிற்றே, ஒரு குத்து குத்திப் பார்க்கலாம் என்று கேட்டேன்.

"சட்டை என்ன கலர் சார்?"

வாயைத் திறந்தார். மூடினார். பேருந்து வந்தது, ஆட்கள் ஏறினார்கள். அவர் நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சுண்டிப்போய்விட்டது.

"தெரியலையே" என்றார். "தெரியலையேம்மா."

நான் மட்டும் ஏறினேன். அதைச் சொல்ல இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு நிறுத்தம் வரைக்கும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட இருந்தது. இரண்டாவது நிறுத்தத்தில் அது போய்விட்டது. இறங்கித் திரும்பப் போயிருக்கலாம். போகவில்லை.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. டீச்சர் நமக்கு ஆகாதவரை நினைக்கச் சொன்னபோது எனக்கு அவர் முகம் வந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம். அவருக்கு நல்லது நினைக்க அன்றைக்கு எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் முதல் கட்டத்தில், எனக்கு நானே சொல்ல வேண்டிய இடத்தில், முதல் தடவையாக என் வாய் ஒட்டிக்கொண்டது. வாரா வாரம் மாடியேறிப் போய் அன்பை வளர்த்துக்கொண்டவள், கீழே இறங்கினதும் ஒரு கிழவரைக் குத்திவிட்டு வந்திருக்கிறேன்.

டீச்சரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். புதன்கிழமை காலை, இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவர் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. சட்டையில் ஒரு பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். அம்பு சாரா இப்படி! மேஜை, நாற்காலி, தரை என்று எங்கே பார்த்தாலும் பழைய போட்டோக்கள்.

"எதுலயாவது அந்தச் சட்டை இருக்கான்னு பார்க்கிறேன்" என்றார். "ஒண்ணுலயும் இல்ல. நான் போட்டிருந்தாத்தானே படத்துல இருக்கும்."

"தப்பாக் கேட்டுட்டேன் சார். மன்னிச்சிடுங்க."

"சரியாத்தான் கேட்டீங்க" என்றார். "அதான் வலிக்குது."

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பார்த்துக்கொண்டே வந்தேன். மூலையில் மூடி போட்ட தையல் இயந்திரம். மேலே பூத்தொட்டி, பழைய செய்தித்தாள். தையல்காரி கண்ணில் இயந்திரம் பட்டால் கை சும்மா இருக்காது. "திறந்து பார்க்கலாமா சார்?" என்றேன். துருப்பிடித்திருக்கும், எண்ணெய் விட்டு வைப்போம், வந்ததற்கு அதாவது செய்வோம் என்று நினைத்தேன். தொட்டியை இறக்கி மூடியைத் தூக்கினேன்.

இயந்திரத்தின் தலைப்பகுதியில், ஊசிக்கு இந்தப் பக்கம், ஒரே வரிசையில் சின்னச் சின்ன அம்புகள். சிவப்பு வெளுத்து ரோஸாகி இருந்தது. சுருங்கி, ஓரம் தூக்கிக்கொண்டு, ஆனால் ஒட்டித்தான் இருந்தன.

எங்கள் லைனில் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. ஆல்டருக்கு வந்த சட்டையில் ஒரு குறையைத் தைத்து முடித்ததும் அம்பைப் பிய்ப்போம். எழுந்து போய்க் குப்பையில் போட நேரம் ஏது? கைக்கு எட்டின இடம் இயந்திரத்தின் தலைதான். பொத்தென்று அதில் ஒட்டிவிட்டு அடுத்த குறைக்குப் போவோம். யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை அது, தைக்கிற கை தானாகச் செய்வது.

"சார், இங்க வாங்க. எண்ணுங்க."

அவர் குனிந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டார். பதினொன்று.

"அத்தனையும் பிய்ச்சிருக்கா" என்றார். அப்புறம் நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு அம்பைப் பிய்த்தால் ஒரு குறையைத் தைத்தாயிற்று. அவள் பதினொன்றையும் தைத்திருக்கிறாள். இந்த அறையில், இவர் தினமும் சாப்பிட்ட மேஜைக்கு நாலடி தூரத்தில், மூடிக்குள்ளே அது இருபத்தோரு வருடம் இருந்திருக்கிறது. உலகத்தில் உள்ள பிசிறையெல்லாம் கண்டுபிடித்தவர் இந்த மூடியை ஒரு தடவை தூக்கிப் பார்க்கவில்லை. தரையில் போட்டோக்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார். நான் எண்ணெய் தேடப் போகிற மாதிரி சமையலறைக்குப் போய் நின்றேன்.

"கேட்டுடுங்க சார்" என்றேன் திரும்பி வந்து. "இப்பவே போய்க் கேட்டுடுங்க."

"நீங்களும் வாங்கம்மா. எனக்குப் பேச வராது."

மகளுக்குப் புதன்கிழமை விடுமுறை, குழந்தைக்கும் பள்ளி விடுமுறைக் காலம். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்தவள் முதலில் அப்பாவைப் பார்த்துப் பதறினாள். "என்னாச்சுப்பா? உடம்புக்கு ஏதாவதா? இவங்க யாரு?" சொல்லாமல் கொள்ளாமல் அவர் அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவையாம். வீடு சின்னதுதான், சுத்தமாக இருந்தது. கூடத்துச் சுவர் முழுக்க ஒட்டியிருந்த குழந்தைப் படங்களைப் பார்த்தேன். அவரும் பார்த்தார், சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பார்த்தால் குறை தெரிந்துவிடுமோ என்று பயந்த மாதிரி இருந்தது.

தண்ணீர் வந்தது. குடிக்கவில்லை.

"அந்தச் சட்டையை நீ திருத்தினியாம்மா?" என்றார்.

எந்தச் சட்டை என்று அவள் கேட்கவில்லை. அதுவே போதும், அவளும் அதை இறக்கி வைக்கவில்லை என்று தெரிந்துகொள்ள.

"அந்த வாரமே திருத்திட்டேன்" என்றாள். "பதினொண்ணும். தேய்ச்சு மடிச்சு என் அலமாரியில வச்சிருந்தேன். நீங்க கேப்பீங்கன்னு."

"திருத்தின பீஸ் தானா மேஜைக்கு வரும்மா. நாங்க கேக்க மாட்டோம். அதுதான் முறை. நான் காத்துட்டிருந்தேன்."

"அது ஃபேக்டரிலப்பா. நான் வீட்டுல இருந்தேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. இந்த விஷயத்தில் அப்பாவுக்குத் தப்பாத மகள். அவர் ஏதாவது கையில் இருப்பதைக் கொடுக்க வேண்டும் என்று தவித்தார். ஒன்றரை மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்தார்.

"நான் இப்ப ஒரு வகுப்புக்குப் போறேன். தினமும் காலையில உக்காந்து உனக்காகச் சொல்றேன். நீ நல்லா இருக்கணும், அமைதியா இருக்கணும்னு. நூறு தடவை சொல்றேன், மனசுக்குள்ள."

"மனசுக்குள்ள சொன்னா எனக்கு எப்படிப்பா கேக்கும்?"

அப்போதுதான் அவள் கண் கலங்கியது. எனக்கும்தான். அந்தக் கேள்வி அவருக்கு மட்டும் இல்லை என்று பட்டது. நானும் வாரா வாரம் அவருக்கு மனதுக்குள் நல்லது சொன்னவள்தான்.

அவர் கையைத் தூக்கினார். வகுப்பில் பாதி வழியில் நின்றுவிடும் அந்தக் கை நெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது. தியானம் எல்லாம் இல்லை, மூச்சு முட்டியது போல. "நல்லாத் தைச்சிருந்தம்மா" என்றார். "எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. அதைச் சொல்லணும்னு எனக்குத் தெரியல. அம்பே சொல்லிடும்னு நினைச்சுட்டேன். தப்புப் பண்ணிட்டேன்மா."

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, அதை இங்கே பொய்யாகச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

"சட்டை இருக்காம்மா?" என்று நான்தான் கேட்டேன்.

"கல்யாணம் ஆகி வர்றப்ப கொண்டு வந்தேன். இவ பொறந்தப்ப, பழைய துணி மெத்துனு இருக்கும்னு கிழிச்சு இவளுக்குக் கீழ விரிச்சேன்." கொஞ்சம் சிரிப்பு வந்தது அவளுக்கு. "உங்க பேத்திதான்பா அதை ஒழுங்கா யூஸ் பண்ணினா. நனைச்சே தீர்த்துட்டா."

"அப்ப வீணாகல" என்றார் அவர். அப்புறம், கேட்கத் தைரியம் வராமல் கேட்டார். "என்ன கலரும்மா அது?"

அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அது தெரியாது என்பது அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பதினோரு குறையும் ஞாபகம் இருக்கிற மனுஷனுக்கு இது ஞாபகம் இல்லை.

"இளம் பச்சை" என்றாள். "உங்களுக்குப் பிடிச்ச கலர்னு அம்மா சொன்னாங்க. மூணு கடை ஏறி இறங்கி வாங்கினோம்."

உள்ளறையிலிருந்து பேத்தி எட்டிப் பார்த்தாள். கையில் தாள். அம்மா முகத்தைப் பார்த்தாள். "தாத்தா கிளம்பறாங்க, அப்புறம்" என்றாள் மகள். குழந்தை உள்ளே போய்விட்டது. அவர் எழுந்துகொண்டார். படியிறங்கும்போது மாடிக்கு ஒரு தடவை நின்றார். பேருந்திலிருந்து இறங்குவதற்கு முன், "இளம் பச்சை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வந்தார். முதல் கட்டத்தில் அவர் உதடு அசைந்ததா என்று நான் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. என்னுடையதையே எனக்குச் சொல்லி முடிக்கப் பெரும்பாடாக இருந்தது. முடிந்து படியிறங்கும்போது என்னிடம் வந்து, "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டார். சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நானும் அவர் பெயரைக் கேட்டேன். பதினெட்டு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர், அம்பு என்பதைத் தவிர எனக்கும் வேறு தெரியாது.

நாலு வாரம் கழித்து ஒரு செவ்வாய், பேருந்து நிறுத்தத்தில், "ஞாயித்துக்கிழமை ஒரு படம் பார்த்தேன்மா" என்றார்.

"குழந்தை வரைஞ்சதா? காட்டினாளா?"

"காட்டினா. அவங்கம்மா கதவுகிட்டயே நின்னுட்டிருந்தா, நான் என்ன சொல்லப் போறேன்னு. படத்துல மஞ்சள் இருந்துச்சு. நீலம் நிறைய. ஓரத்துல கொஞ்சம் ஊதா. அடியில ஒரு பச்சை, ஆனா இளம் பச்சை இல்ல, இலைப் பச்சை."

"என்ன படம் சார்? வீடா, மரமா?"

அவர் யோசித்தார். பேருந்து வந்து நின்றது. இந்தத் தடவை நான் ஏறவில்லை.

"தெரியலையேம்மா" என்றார். "கலர் பார்த்துட்டே இருந்துட்டேன்."